பாலுக்குக் கணக்கு உண்டு; பிள்ளைகளுக்கு எங்கே?

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். பரீட்சை முடிவுகள் வெளிவந்ததும் நம் சமூகத்தில் ஒரு கொந்தளிப்பு எழுகிறது. நல்ல புள்ளிகள் வாங்கிய பிள்ளைக்கு மெட்ரிகுலேஷனில் இடமில்லை என்று பத்திரிகைகளில் செய்தி வருகிறது. கேட்ட துறை ஒன்று, கிடைத்த துறை வேறு என்று பெற்றோர் புலம்புகின்றனர். தலைவர்கள் அறிக்கை விடுகின்றனர். அமைச்சுக்கு மனுக்கள் போகின்றன. மேல் முறையீட்டில் சிலருக்கு இடம் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. இரண்டு மாதங்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மறு ஆண்டு அதே கூக்குரல், அதே அறிக்கை, அதே மனு.

இந்தக் கூக்குரலில் நியாயமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். நியாயம் நிறையவே உண்டு. ஆனால், இத்தனை ஆண்டு வாதத்தில் ஒரு கேள்வியை யாரும் கேட்பதாகக் காணோம். பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைக்கின்ற குடும்பங்களிலிருந்து ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் உயர்கல்விக்குப் போகின்றனர்? எத்தனை பேர் வாசற்படி வரை போய்த் திரும்பி வருகின்றனர்? எந்தப் படியில், எக்காரணத்தால் திரும்புகின்றனர்?

அரசாங்கத்தின் கணக்கு இனத்தைச் சொல்லும், வருமானத்தைச் சொல்லும், மாநிலத்தைச் சொல்லும். தோட்டத்தைச் சொல்வதில்லை. சொல்லாத கணக்கைக் கேட்டு வாங்க வேண்டியவர்களும், அதற்கு முன் தாமே எடுத்துக் காட்ட வேண்டியவர்களும் தொழிலாளர்களாகிய நாம்தாம். இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

செக்ரோலில் இல்லாத பத்தி

தோட்டக் காரியாலயத்தில் கணக்கு எழுதுகின்ற கிராணிமாருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தோட்டத்தில் கணக்கில்லாமல் எதுவும் நடப்பதில்லை. காலைப் பிரட்டில் பெயர் கொடுத்தவர் யார், வராதவர் யார், எவருடைய நிரையில் எத்தனை மரம், ஸ்டோரில் நிறுத்த பால் எவ்வளவு, அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, ஒட்டுப்பால் எவ்வளவு என்று அனைத்தும் எழுதப்படுகிறது. மழையால் வெட்டு நின்ற நாளுக்கும் கணக்கு உண்டு. ஒரு மரம் பட்டுப்போனால் அதற்கும் ஒரு குறிப்பு உண்டு.

அந்த மரத்தை வெட்டுகின்றவரின் மகள் ஐந்தாம் பாரம் முடித்த பின் எங்கே போனாள் என்று எழுத மட்டும் ஒரு பத்தியும் கிடையாது. நிர்வாகத்துக்கு அது தேவையில்லை. ஆகையால் செக்ரோலில் அதற்கு இடமில்லை. நிர்வாகத்துக்குத் தேவையில்லாதது நமக்கும் தேவையில்லை என்று நாம் இருந்துவிடலாமா?

சம்பளப் பேச்சு வார்த்தைக்கு நம் சங்கத் தலைவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. ரப்பர் விலை, வெட்டப்படும் மரங்களின் எண்ணிக்கை, அரிசி பருப்பு விலை, வேலை நாட்கள் ஆகிய அனைத்தையும் எடுத்துக்கொண்டு போகின்றனர். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் அமைந்த தொழில் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனால், கண்ணீருக்கு அங்கே இடமில்லை, கணக்குக்குத்தான் இடம். சம்பளத்துக்குக் கணக்கோடு போகின்ற நாம், பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் ஏன் கோபத்தோடு மட்டும் போகிறோம்?

உயர்கல்விக்குத் தொழிலாளி தந்த வெள்ளி

உயர்கல்வி என்பது படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம், தோட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நம் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் அமைந்தது. அங்கே இந்தியவியல் துறை ஒன்றை ஏற்படுத்தும் பேச்சு எழுந்தபோது, அத்துறையில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற வாதம் மூண்டது. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட வரலாற்றுப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். இந்நாட்டு இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்களாயிருக்க, தமிழுக்கு ஏன் அந்த இடமில்லை என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போர்க்குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. வணிகர் கொடுத்தனர்; துறைமுகத் தொழிலாளர் கொடுத்தனர்; பால் வெட்டுகின்றவரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். 1956-இல் இந்தியவியல் துறை உருவாயிற்று. தமிழ் அதில் தன் இடத்தைப் பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகளார் அதன் தலைவராயிருந்தார். 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மகாநாடு கோலாலம்பூரில் கூடிற்று.

தாம் ஒருநாளும் கால் வைக்கப் போவதில்லை என்று தெரிந்த பல்கலைக்கழகத்துக்குத் தொழிலாளர் கொடுத்த வெள்ளி அது. ஆகவே, உயர்கல்வியைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. உரிமைக்கு உரிய சந்தாவை நம் முன்னோர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செலுத்திவிட்டனர்.

நம்மை எண்ணியவர்கள்

நம்மை யாருமே ஆராயவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆராய்ந்திருக்கின்றனர். இந்திய அறிஞர் ஆர். கே. ஜெயின் 1960-களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலேயே தங்கி ஆராய்ந்து, 1970-இல் நூல் வெளியிட்டார். பால் வீபியும் மாரியப்பனும் தோட்ட வாழ்வை ஆராய்ந்து எழுதிய நூல் 1978-இல் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறைப் பேராசிரியராயிருந்த தி. மாரிமுத்து தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார்.

இவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால், இந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன, நூலகங்களில் உள்ளன. கேள்விக்குப் பதில் சொன்ன தொழிலாளிக்கு, தாம் சொன்னதிலிருந்து என்ன முடிவு கண்டார்கள் என்பது தெரியாமலே போயிற்று. லயத்தில் வந்து உட்கார்ந்து எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியது திரும்பி லயத்துக்கு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆராய்ச்சிகள் நடந்த காலத்துத் தோட்டம் வேறு. இன்றைய தோட்டம் வேறு. ரப்பர் மரங்கள் பல இடங்களில் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. லயத்தில் பிறந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் இருந்த இடங்களில் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர் வேலை செய்கின்றனர். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. இந்த மாற்றத்தில் தோட்டத்துப் பிள்ளையின் உயர்கல்வி எங்கே நிற்கிறது என்பதை அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட நூல்களைக் கொண்டு அளக்க முடியாது. புதிதாக எண்ண வேண்டும்.

'இந்தியர்' என்னும் ஒரே சொல்

1970-களில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன விகிதாசாரம் நடைமுறைக்கு வந்தது. 2002-இல் தகுதி முறை என்று அறிவிக்கப்பட்டது. பூமிபுத்ரா மாணவர்க்கென இருந்த மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் பிற இனத்தவர்க்கு 10 விழுக்காடு இடம் திறந்துவிடப்பட்டது. 2012-இல் இந்திய மாணவர்க்கு 1,500 இடங்கள் என்று அறிவித்தனர். பின்னர் அதை 2,200 என்று உயர்த்தி அறிவித்தனர். 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தினர்; 90-க்கு 10 என்ற விகிதம் அப்படியே நின்றது. 2024-இல், எஸ்.பி.எம். பரீட்சையில் 10 ஏ பெற்ற எவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார்.

வாதம் எங்கே சூடேறுகிறது என்பதும் யாவரும் அறிந்ததே. மெட்ரிகுலேஷன் ஓராண்டுப் படிப்பு. கல்வி அமைச்சின் கீழ் நடப்பது. ஆறாம் பாரம் ஒன்றரை ஆண்டுப் படிப்பு. அதன் பரீட்சையை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. இரு வேறு படிப்பு, இரு வேறு பரீட்சை. ஆனால், பல்கலைக்கழக வாசலில் இரண்டின் புள்ளிகளும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன: படிப்புக்கு 90, புறப்பாடத்துக்கு 10. ஸ்டோரில் ஒருவர் பாலை ஒரு தராசிலும் அடுத்தவர் பாலை மற்றொரு தராசிலும் நிறுத்து, இருவருக்கும் ஒரே கணக்கில் கூலி எழுதினால் நாம் ஒப்புவோமா? இதைக் கேட்பது தவறன்று, கேட்டே ஆகவேண்டும்.

ஆயினும், இந்த வாதம் முழுவதிலும் 'இந்தியர்' என்ற சொல் ஒன்றே புழங்குகிறது. டாக்டரின் மகனும் இந்தியர். வழக்கறிஞரின் மகளும் இந்தியர். பால் வெட்டுகின்றவரின் பிள்ளையும் இந்தியர். 2,200 இடம் என்று சொன்னார்களே, அந்த 2,200-இல் லயத்திலிருந்து போனவர் எத்தனை பேர்? 10 ஏ பெற்றால் இடம் உண்டு என்கின்றார்களே, மாலையில் தனிப் பாடம் படிக்க வசதியில்லாத தோட்டத்தில் 10 ஏ பெறுகின்றவர் எத்தனை பேர்? இடம் கூடியது என்று ஒருவர் மார் தட்டுகின்றார். குறைந்தது என்று இன்னொருவர் மார் தட்டுகின்றார். கூடியதிலும் குறைந்ததிலும் தொழிலாளியின் பிள்ளைக்கு எவ்வளவு பங்கு என்பது இருவர் பேச்சிலும் இல்லை.

இதனாலேயே நாம் சொல்கிறோம்: இனக் கணக்கு மட்டும் நமக்குப் போதாது. தொழிற்கணக்கு வேண்டும். தகப்பன் என்ன தொழில், தாய் என்ன தொழில் என்று விண்ணப்பத்தில் எழுதி வாங்குகின்றனர். அதைக் கூட்டிப் பார்த்து ஆண்டுதோறும் வெளியிட என்ன தடை? வெளியிட்டால் கம்பத்து மலாய்க்காரத் தொழிலாளியின் பிள்ளைக்கும், புதுக்கிராமத்துச் சீனத் தொழிலாளியின் பிள்ளைக்கும் எவ்வளவு இடம் கிடைத்தது என்பதும் வெளிச்சத்துக்கு வரும். தொழிலாளர் சங்கம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

எங்கே வழுக்குகிறது?

உயர்கல்வி வாசலில்தான் நம் பிள்ளைகள் தடுக்கப்படுகின்றனர் என்று எண்ணுவது பாதி உண்மை. வாசலுக்கு வருமுன்பே பலர் வழியில் நின்றுவிடுகின்றனர். அந்த வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி இடைநிலைப்பள்ளி. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை பட்டணத்து மலாய்ப் பள்ளிக்குப் போகிறது. பல தலைமுறைப் பிள்ளைகள் இடையில் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்தே முதலாம் பாரத்துக்குப் போயினர். விடியுமுன் எழுந்து பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளை, மாலையில் வீடு திரும்பும்போது களைத்துவிடுகிறது. பஸ் கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் பள்ளிக்குப் போவது நிற்கிறது. நின்ற பிள்ளையைத் தேடி வருவார் யாருமில்லை.

இரண்டாம் படி நான்காம் பாரத்தில் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது. அங்கே அறிவியலை விட்டுவிட்ட பிள்ளைக்குப் பின்னால் பல கதவுகள் அடைபடும் என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துச் சொல்வார் இல்லை. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மலாய் மொழியில் வெறும் தேர்ச்சி போதாது, கிரெடிட் வேண்டும். மற்றப் பாடங்களில் நல்ல புள்ளிகள் பெற்றும் இந்த ஒன்றில் வழுக்கி நின்றவர்கள் நம் லயங்களில் உண்டு.

மூன்றாம் படி விண்ணப்பம். இது ஒரு கதவன்று, பல கதவுகள். பல்கலைக்கழக அடிப்படைப் படிப்பு, டிப்ளோமா, போலிடெக்னிக் ஆகியவற்றுக்கு யூ.பி.யூ. வழியாக ஒரு விண்ணப்பம். மெட்ரிகுலேஷனுக்குத் தனி விண்ணப்பம். ஆசிரியர் பயிற்சிக்குத் தனி விண்ணப்பம். ஆறாம் பாரத்துக்கு இடம் கிடைத்ததா என்று பார்க்கத் தனி இடம். எல்லாம் இணையத்தில், எல்லாவற்றுக்கும் கெடு நாள் உண்டு. வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தகப்பனாரோடு வேலைக்காட்டுக்குப் போய்விடும்.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் போலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. ஏற்றுக்கொள்வதாகப் பதிய வேண்டிய கெடு முடிந்து சில நாட்கள் சென்ற பிறகே வீட்டார்க்குச் செய்தி தெரிந்தது. கைப்பேசியில் காசு தீர்ந்திருந்ததாம். அந்தப் பிள்ளை இப்போது பட்டணத்துப் பேரங்காடியில் கல்லாப்பெட்டியின் முன் நிற்கிறது. இந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் வரும்? இடம் மறுக்கப்பட்டவர் கணக்கில் வராது. இடம் பெற்றவர் கணக்கில்தான் வரும்! மேலிருந்து பார்க்கின்ற கணக்குக்கும் லயத்திலிருந்து பார்க்கின்ற கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நான்காம் படி, சேரும் நாள். அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணம் தனியார் கல்லூரியோடு பார்த்தால் குறைவு. ஆயினும், முதல் நாள் கட்டணம், விடுதிக் கட்டணம், பஸ் செலவு, துணிமணி, கணினி என்று ஒரே வாரத்தில் காசு வேண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் வீடு நடத்துகின்றவர் ஒரே வாரத்தில் இத்தனைக்கும் எங்கே போவார்? 1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். கடன் கொடுக்கிறது, ஆனால் சேர்ந்த பிறகே அப்பணம் கைக்கு வரும். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு முன்பணம் பெறும் வழி ஒன்று இருக்கிறது. அதைப் பலர் அறியார். அறியாதவர் வட்டிக்காரனிடம் போகின்றனர்.

ஐந்தாம் படி தரகர். பரீட்சை முடிவு வந்ததும் வழவழப்பான தாள்களோடு சிலர் லயத்துக்கு வருகின்றனர். கடனை நாங்களே வாங்கித் தருகிறோம், கையெழுத்துப் போட்டால் போதும் என்கின்றனர். ஆறாம் பாரத்தில் காசில்லாமல் படிக்கக்கூடிய பிள்ளை, பெயர் தெரியாத கல்லூரியில் கடனோடு சேர்கிறது. சில மாதங்களில் படிப்பு நிற்கிறது, கடன் நிற்பதில்லை. ஒரு பாடத்திட்டம் அங்கீகாரம் பெற்றதா என்று சரிபார்க்க மலேசியத் தகுதி முகவாண்மை 2007 முதல் இருக்கிறது. அதன் பட்டியலைப் பாராமல் எந்தப் பெற்றோரும் கையெழுத்திட வேண்டாம் என்று இதன் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த ஐந்து படிகளில் எதில் அதிகம் பேர் வழுக்குகின்றனர்? தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும். ஒரு தோட்டத்தில் பஸ். ஒரு தோட்டத்தில் மலாய் மொழிப் பாடம். ஒரு தோட்டத்தில் தரகர். நோய் எது என்று தெரியாமல் எல்லார்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் இத்தனை ஆண்டும் பலன் காணவில்லை. ஸ்ரீ முருகன் நிலையம் 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜாவின் தலைமையில் தொடங்கி, வார இறுதி வகுப்புகளால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கிவிட்டது. அது எல்லாப் படிகளுக்கும் மருந்தாகுமா? வகுப்புக்கு வந்து சேரக்கூடிய பிள்ளைக்கு அது மருந்து. வந்து சேரவே முடியாத பிள்ளைக்கு வேறு வழி காண வேண்டும். அந்தப் பிள்ளை யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

எதிர்வாதங்கள்

சங்கத்தின் வேலை சம்பளம் வாங்கித் தருவது. படிப்பு அமைச்சின் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். சம்பளம் எதற்காக? பிள்ளை நம்மைப்போல் இருட்டில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கக்கூடாது என்பதற்காகவும் அல்லவா? 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சட்டமே படிப்பைத் தொழிலாளர் விஷயம் என்று கண்டது. நாம் அதிலும் பின்தங்கலாமா?

எல்லாப் பிள்ளையும் பல்கலைக்கழகம் போக வேண்டுமா, கைத்தொழில் கற்றால் ஆகாதா என்று சிலர் கேட்கின்றனர். கைத்தொழிற்கல்வி இழிவானதன்று. மின்சாரம், ஒட்டுவேலை, இயந்திரம் கற்றுப் பட்டதாரியைவிட நன்றாகச் சம்பாதிப்பவர்களும் உண்டு. ஆனால், தோட்டத்துப் பிள்ளைக்குக் கைத்தொழில், மற்றப் பிள்ளைக்குப் பட்டப்படிப்பு என்று பிறந்த இடத்தைப் பார்த்துப் பிரிப்பதானால் அதை நாம் ஏற்க முடியாது. பிள்ளையின் விருப்பமும் திறமையும் பிரிக்கட்டும். லயத்து எண் பிரிக்க வேண்டாம்.

குடியும் கைப்பேசியும்தான் காரணம், பெற்றோர் சரியில்லை என்று சொல்வாரும் உண்டு. பொறுப்பற்ற பெற்றோர் எல்லா இடத்திலும் உண்டு, தோட்டத்திலும் உண்டு. ஆனால், காலை ஐந்து மணிக்கு வெட்டுக்குப் போகும் தாய், பிள்ளை விழிக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. அது அவளுடைய குணமன்று, வேலை நேரம். குணத்தையும் வேலை நேரத்தையும் குழப்பிக்கொள்பவரோடு வாதிட, நம் கையில் கணக்கு இருந்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது

ஆகவே, நாம் கிளைகளுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமும், மாலையில் ஒரு மணி நேரமும் போதும்.

நோட்டில் ஏழு பத்திகள் போடுவோம். முதற்பத்தியில் முதலாம் பாரத்தில் சேர்ந்த பிள்ளை. இரண்டாவதில் எஸ்.பி.எம். எழுதினதா, இடையில் நின்றதா. நின்றால் எந்த வகுப்பில், ஏன். மூன்றாவதில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் என்ன புள்ளி. நான்காவதில் எந்தெந்தப் படிப்புக்கு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தது. ஐந்தாவதில் எங்கே இடம் கிடைத்தது. ஆறாவதில் சேர்ந்ததா, சேரவில்லை என்றால் ஏன். ஏழாவதில் படித்து முடித்ததா. தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்குப் போன பழைய உறுப்பினர் குடும்பங்களையும், இனம் பாராமல், இதே நோட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நோட்டு கிளைக் காரியதரிசியின் கையில் இருக்க வேண்டும். தோட்டக் காரியாலயத்தில் இருக்கக்கூடாது. காரியாலயத்துப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும் என்பது கிராணிமாருக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் கஷ்டம் நிர்வாகத்தின் கைக்கும் போகக்கூடாது. ஊர் வாய்க்கும் போகக்கூடாது. பெயர் நோட்டோடு நிற்கட்டும். எண் மட்டும் மேலிடத்துக்குப் போகட்டும். ஒவ்வோர் ஆண்டும் கிளை தன் எண்களை மாநிலக் குழுவுக்கு அனுப்பி, அவற்றைக் கூட்டி மகாநாட்டில் வைத்து, இப்பத்திரிகையில் தமிழில் வெளியிட வேண்டும். எண்ணப்பட்டவர் தம்மைப் பற்றிய எண்ணைத் தாமே படிக்க வேண்டும்.

எழுதுவது மட்டும் போதாது. விண்ணப்பம் தொடங்கும் வாரத்தில் கிளைக் கட்டடத்தில் ஒரு கணினியையும் படித்த இளைஞர் ஒருவரையும் இரவு நேரத்தில் இருத்தி வைத்தால், மூன்றாம் படியில் வழுக்குவோரில் பலரைக் காக்கலாம். பிள்ளை சேரும் நாளன்று தாய் தகப்பனுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்பதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் கேட்கலாம். சேரும் செலவுக்கு வட்டியில்லாத கைமாற்று நிதி ஒன்றைச் சந்தாவிலிருந்து ஒதுக்கலாம்.

இவை எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. தகப்பன் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு விடுமுறையில் திரும்பி வர வீடில்லாமல் போகிறது. வாடகை வீட்டுச் செலவுக்காகப் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறது. பிள்ளை படித்து முடியும் வரை அந்தக் குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர வேண்டும். இப்படி எத்தனை பிள்ளைகள் என்று முதலாளிமார் கேட்பார்கள். அப்போது ஏழாம் பத்தியைத் திறந்து எண்ணைக் காட்ட வேண்டும்.

தோழர்களே! மெட்ரிகுலேஷன் இடம் கூடட்டும், தராசு ஒன்றாகட்டும், அதற்காகக் குரல் கொடுப்போம். ஆனால், நாளைக்கே எல்லாக் கதவும் திறந்தாலும், கதவு வரை வந்து சேராத பிள்ளைக்கு அதனால் பயனில்லை. அந்தப் பிள்ளையை அமைச்சு அறியாது, கட்சி அறியாது. அடுத்த வீட்டுக்காரர் அறிவார்; கிளைக் காரியதரிசி அறிவார். அறிந்தவர் எழுதி வைக்க வேண்டும்.

வரும் எஸ்.பி.எம். பரீட்சைக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் நோட்டைத் திறக்கட்டும். எந்தக் கிளை முதலில் எண்களை அனுப்புகிறதோ, அதை இப்பக்கத்திலேயே வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம். வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!